கூப்பிடு தூரத்தில் உதவி

அரசு மருத்துவமனையின் பொதுமருத்துவ வார்டில் காலை ரவுண்ட்ஸ் முடியும் நேரம். மூன்று நாட்களுக்கு முன் நள்ளிரவில் 108 ஆம்புலன்ஸில் கொண்டுவரப்பட்ட இளைஞர் இப்போது கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறார். நாடித்துடிப்பு சீராக இருக்கிறது. ரத்தப் பரிசோதனையும் நல்லபடியாக வந்திருக்கிறது. பயிற்சி மருத்துவர் டிஸ்சார்ஜ் சீட்டை எழுதுகிறார். அம்மா சொம்பையும் போர்வையையும் பையில் திணிக்கிறார். வராந்தாவில் தாய்மாமன், காவல் நிலையத்தில் கேட்டால் என்ன சொல்வது என்று யாரிடமோ போனில் விசாரிக்கிறார். "தவறுதலா நடந்துடுச்சுன்னு சொல்லிடலாம்" என்று முடிவாகிறது. சீட்டில் மாத்திரைகளின் பெயரும், ஒரு வாரம் கழித்து மருத்துவ ஓ.பி.க்கு வரச் சொல்லும் ஒரு வரியும் இருக்கின்றன. அதே வளாகத்தில், இரண்டு கட்டடங்கள் தள்ளி மனநலப் பிரிவு இயங்குகிறது. சீட்டில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

தமிழ்நாட்டின் பல மருத்துவமனைகளில் இப்படித்தான் நடக்கிறது. உயிரைக் காப்பாற்றிய மருத்துவம் அந்தச் சீட்டோடு முடிகிறது. அந்த உயிர் ஏன் போக நினைத்தது என்பதற்கான மருத்துவம் தொடங்குவதே இல்லை. தற்கொலைக்கு ஒருமுறை முயன்றவருக்கு மறுபடியும் அந்த எண்ணம் வரும் ஆபத்து மற்றவர்களைவிட மிக அதிகம். அதிலும் வீடு திரும்பிய முதல் சில வாரங்கள் மிக முக்கியமானவை. அந்த வாரங்களில்தான் பெரும்பாலானோர் தனியாக விடப்படுகிறார்கள்.

உதவியே இல்லாத மாநிலம் அல்ல தமிழ்நாடு. இலவச எண்கள் இருக்கின்றன. நாற்பது ஆண்டு அனுபவமுள்ள தன்னார்வ அமைப்பு இருக்கிறது. மாவட்டந்தோறும் மனநலத் திட்டம் இருக்கிறது. சட்டமும் துணை நிற்கிறது. இவை எல்லாவற்றையும் தேவைப்படுபவரே தேடிப் போக வேண்டியிருப்பதுதான் குறை. எழுந்து உட்காரவே தெம்பில்லாதவரிடம் நான்கு இடம் அலையும் தெம்பை எதிர்பார்ப்பது நியாயமில்லை. உதவி அவரைத் தேடி வர வேண்டும். அப்படி வந்த இடங்களில் உயிர்கள் காப்பாற்றப்பட்டதற்குச் சான்று இருக்கிறது. அந்தச் சான்றுகளில் சில தமிழ்நாட்டிலேயே பிறந்தவை.

கணக்கு சொல்வது என்ன?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கைப்படி, அந்த ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 19,834 பேர். மகாராஷ்டிராவுக்கு அடுத்த இடம் இது. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால், இந்தியச் சராசரி லட்சத்துக்கு 12.4, தமிழ்நாட்டில் அது 25.9.

காரணங்களில் குடும்பப் பிரச்னைகள் முதலிடத்திலும், நோய் அடுத்த இடத்திலும் இருக்கின்றன. நாடு முழுவதும் இறந்தவர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தினக்கூலித் தொழிலாளர்கள். பத்தில் ஏழு பேர் ஆண்கள். தேர்வு முடிவு வெளியாகும் வாரங்களில் மட்டும் இந்தப் பேச்சு ஊரெங்கும் கேட்கிறது. ஆண்டு முழுவதும், கடனிலும் குடியிலும் தீராத வலியிலும் சிக்கிய நடுவயது ஆண்கள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

காவல் துறைப் பதிவில் "காரணம்" என்ற கட்டத்தில் ஒரு சொல்தான் எழுத முடியும். வாழ்க்கையில் ஒரு காரணம் மட்டும் இருப்பதில்லை. மனச்சோர்வு, குடி, கடன், அவமானம், தனிமை, அன்று நடந்த ஒரு சண்டை, கைக்கெட்டும் தூரத்தில் ஆபத்தான ஒரு பொருள் என்று பலதும் ஒரே வேளையில் சேரும்போதுதான் விபரீதம் நடக்கிறது. அவற்றில் ஏதேனும் ஒன்றை விலக்கினாலே அந்த வேளை கடந்துவிடக்கூடும். தடுப்புப் பணி முழுவதும் இந்த உண்மையின் மேல்தான் நிற்கிறது.

14416: அழைத்தால் என்ன நடக்கும்?

மத்திய அரசின் டெலி-மானஸ் சேவை 2022 அக்டோபர் 10-ம் தேதி, உலக மனநல நாளில் தொடங்கப்பட்டது. பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனை இதன் தலைமை மையம். தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு மனநல சேவை" என்ற பெயரில் அதே மாதம் இது நடைமுறைக்கு வந்தது. எண் 14416. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் இயங்குகிறது.

அழைத்ததும் மொழியைத் தேர்வு செய்யச் சொல்லும் பதிவுக்குரல் கேட்கும். தமிழைத் தேர்ந்தெடுத்தால் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். விருப்பமில்லாவிட்டால் பெயரைச் சொல்லாமலும் பேசலாம். ஆலோசகர் முதலில் கேட்பது, அழைப்பவர் அந்த நிமிடம் பாதுகாப்பாக இருக்கிறாரா, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்பதைத்தான். பிறகு அவர் சொல்வதைக் கேட்கிறார். பேச்சே போதும் என்றால் அதோடு முடியும். மருத்துவ உதவி தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கோ உளவியலாளருக்கோ அழைப்பு மாற்றப்படும். நேரில் போக வேண்டிய நிலை என்றால் அந்த மாவட்டத்தில் எங்கே போகலாம் என்று வழிகாட்டப்படும்.

பாதிக்கப்பட்டவர்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை. "எங்க வீட்டுக்காரர் ரெண்டு வாரமா சரியா பேசறதில்ல, பயமா இருக்கு" என்று மனைவி அழைக்கலாம். விடுதியில் அறைத்தோழனைப் பற்றிக் கவலைப்படும் மாணவர் அழைக்கலாம். என்ன பேசுவது, எப்படித் தொடங்குவது என்று கேட்பதற்காகவே அழைக்கலாம். முதல் முறை இணைப்பு கிடைக்காவிட்டால் மறுபடி முயல வேண்டும். 104 போன்ற மற்ற எண்களையும் முயலலாம்.

பெட்டிச் செய்தி: கைபேசியில் சேமிக்க வேண்டிய எண்கள்

- 14416 அல்லது 1800-891-4416: டெலி-மானஸ், மனநல ஆலோசனை
- 104: தமிழ்நாடு அரசின் மருத்துவ, மனநல ஆலோசனை சேவை
- 044-24640050: சினேகா தற்கொலைத் தடுப்பு மையம், சென்னை
- 108: ஆம்புலன்ஸ்
- 112: உடனடி ஆபத்தில் காவல், மருத்துவ உதவி
- 1098: ஆபத்தில் உள்ள குழந்தைகளுக்கு
- 181: வன்முறையை எதிர்கொள்ளும் பெண்களுக்கு
- 14567: முதியோருக்கு
- 14417: பள்ளி மாணவர், பெற்றோருக்கான கல்வி வழிகாட்டல்

உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் முதலில் 108. அல்லது நேராக அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவு. அதுவரை அவரைத் தனியாக விடக் கூடாது.

சினேகா: கேட்பதையே பணியாகக் கொண்டவர்கள்

அரசு எண்கள் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1986-ல், மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் சினேகாவைத் தொடங்கினார். லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் 1953-ல் தொடங்கிய சமாரிட்டன்ஸ் அமைப்பின் வழியில் அமைந்தது இது. இங்கே பேசுபவர்கள் மருத்துவர்கள் அல்லர். இல்லத்தரசிகள், ஓய்வுபெற்றவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், மாணவர்கள் எனப் பலதரப்பட்ட தன்னார்வலர்கள் பயிற்சி பெற்று அமர்கிறார்கள்.

அவர்கள் அறிவுரை சொல்வதில்லை. "உனக்கு என்ன குறை, மத்தவங்களைப் பாரு" என்று ஒப்பிடுவதில்லை. அழைத்தவர் அழுதால் அழுது முடிக்கக் காத்திருக்கிறார்கள். ஒருவர் தன் மனதில் இருப்பதை வெட்கமில்லாமல், வெட்டப்படாமல், முழுவதுமாகச் சொல்லி முடிப்பதே அந்த வேளையின் அழுத்தத்தைக் குறைக்கிறது. சொன்னது வெளியே போகாது என்ற உறுதியும் சேரும்போது, வீட்டில் யாரிடமும் பேச முடியாதவர் அங்கே பேசுகிறார். நேரில் போய்ப் பேசும் வசதியும் அங்கு உண்டு. உதவி மையங்கள் சிகிச்சைக்கு மாற்றாக முடியாது. மனச்சோர்வோ குடிநோயோ உள்ளவருக்கு மருத்துவம் வேண்டும். ஆனால் இரவு இரண்டு மணிக்கு அந்த மருத்துவத்தை நோக்கி எடுத்துவைக்கும் முதல் அடி, பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு அழைப்புதான்.

பக்கத்து ஊர் மருத்துவமனையில்

மனநல சிகிச்சை என்றாலே சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவமனை என்று நினைக்கும் தலைமுறை இன்னும் இருக்கிறது. 1794-ல் தொடங்கப்பட்ட அந்த மருத்துவமனை இன்று மனநல மருத்துவ நிலையமாக இயங்குகிறது. ஆனால் அவ்வளவு தூரம் போக வேண்டிய தேவை பெரும்பாலானோருக்கு இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலத் துறைகள் உள்ளன. மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் புறநோயாளிகள் பார்க்கப்படுகிறார்கள். அந்தக் குழுவினர் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் போகிறார்கள்.

நடைமுறை எளிது. ஓ.பி. கவுன்டரில் "மனநலப் பிரிவு" என்று கேட்டுச் சீட்டு வாங்க வேண்டும். தயக்கமாக இருந்தால் "தூக்கம் வரல" என்று சொன்னாலும் போதும். பேச்சு அங்கிருந்து வளரும். மருந்துகள் இலவசம். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் முழுப் பலன் தர சில வாரங்கள் ஆகும் என்பதைக் குடும்பம் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. நான்கு நாளில் "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்துவதும், கொஞ்சம் தேறியதும் தானாகவே விட்டுவிடுவதும் ஆபத்து. மாத்திரைகளை வீட்டில் இன்னொருவர் வைத்துக்கொண்டு வேளைக்கு எடுத்துக் கொடுப்பது பாதுகாப்பு.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமா?

வராந்தாவில் மாமன்மார்களைப் பயமுறுத்தும் கேள்வி இதுதான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியிருந்தது. அந்தப் பயத்தில் குடும்பங்கள் பொய் சொல்லின. சில தனியார் மருத்துவமனைகள் சேர்க்கத் தயங்கின. "தவறுதலா நடந்தது" என்று பதிவானவரை மனநல மருத்துவர் பார்க்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. குற்றமாக்கிய சட்டம் உதவியைத் தள்ளிவைத்தது.

அந்த நிலை மாறிவிட்டது. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது அதன் 115-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309-வது பிரிவு இடம்பெறவில்லை.

பெட்டிச் செய்தி: குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டிய உரிமைகள்

- மருத்துவமனை எம்.எல்.சி. (மருத்துவ-சட்ட வழக்கு) பதிவு செய்து காவல் துறைக்குத் தகவல் தரலாம். காவலர் வந்து விசாரிக்கலாம். முயன்றதற்காகத் தண்டனை என்ற பயம் தேவையில்லை.
- முயன்றவருக்குப் பராமரிப்பு, சிகிச்சை, மறுவாழ்வு தருவது அரசின் கடமை என்று சட்டமே சொல்கிறது.
- உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு வழங்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ளது.
- சிகிச்சை விவரங்கள் ரகசியமாக வைக்கப்பட வேண்டும்.
- நடந்ததை மருத்துவரிடம் உள்ளபடி சொல்வதே பாதுகாப்பு. பொய்த்தகவல் உடலுக்கான சிகிச்சையையே தவறாகத் திருப்பிவிடும்.

டிஸ்சார்ஜுக்குப் பிறகு ஒன்பது முறை

தடுப்புப் பணியில் மிக எளிதானதும், மிகக் குறைவாகச் செய்யப்படுவதும் தொடர்பில் இருப்பது. இதன் பலனை உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வு அளந்து காட்டியது. பிரேசில், ஈரான், சீனா, இலங்கை ஆகிய நாடுகளோடு இந்தியாவும் பங்கேற்றது. இந்தியாவின் ஆய்வு மையம் சென்னை. முயற்சிக்குப் பின் அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேர் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு குழுவுக்கு அதோடு சேர்த்து, டிஸ்சார்ஜ் ஆகும்போது ஏறத்தாழ ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து பேசினார்கள். பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ "எப்படி இருக்கீங்க?" என்று விசாரித்தார்கள்.

முடிவு 2008-ல் வெளியானது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். தொடர்பில் வைத்திருந்த குழுவில் 0.2 சதவீதம் பேர். விலையுயர்ந்த மருந்தோ கருவியோ இதில் இல்லை. கேட்கத் தெரிந்த ஒருவர், ஒரு போன், தேதி குறித்த ஒரு நோட்டு: இவ்வளவுதான்.

இதை ஒட்டிய முறையைத் தமிழ்நாட்டின் இலங்கைத் தமிழர் முகாமிலும் லட்சுமி விஜயகுமாரின் குழு முயன்று பார்த்தது. முகாமிலேயே வாழ்பவர்களைத் தன்னார்வலர்களாகப் பயிற்றுவித்தார்கள். ஆபத்தில் இருப்பவரை அவர்கள் தவறாமல் போய்ப் பார்த்தார்கள். நெருக்கடியில் என்ன செய்வது என்பதை ஒரு அட்டையில் எழுதி அவரிடமே கொடுத்தார்கள். அங்கும் தற்கொலை முயற்சிகள் குறைந்தன. போரில் வீட்டையும் ஊரையும் இழந்து, சிறு அறைகளில் ஆண்டுக்கணக்காக வாழும் மக்களிடையே, பக்கத்து வீட்டுக்காரரால் இதைச் செய்ய முடிந்தது.

தமிழ்நாடு முழுவதும் இதைச் செய்யக் கட்டமைப்பு புதிதாக வேண்டியதில்லை. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீட்டு வாசலுக்கே போகிறார்கள். கிராம சுகாதார செவிலியருக்குத் தன் பகுதியின் வீடுகள் எல்லாம் அத்துப்படி. அவசரப் பிரிவிலிருந்து வீடு திரும்பும் ஒருவரின் பெயர், அவருடைய சம்மதத்தோடு, ரகசியம் காக்கும் பயிற்சி பெற்ற ஒருவருக்குப் போய்ச் சேர வேண்டும். முதல் வாரத்திலேயே அவரை யாராவது விசாரிக்க வேண்டும். இந்த இணைப்புதான் விடுபட்டிருக்கிறது.

தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகள்

வெயிலிலும் முழுக்கை சட்டையைக் கழற்றாத மகள். கேட்டால் "பூனை கீறிடுச்சு" என்ற பதில். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் வளரிளம் பருவத்தினரில் பலருக்குச் சாக வேண்டும் என்ற எண்ணம் இருப்பதில்லை. தாங்க முடியாத கோபமோ வெறுமையோ குற்றவுணர்வோ அலையாக எழும்போது, உடல்வலி அதைச் சற்று நேரம் மறைக்கிறது. அந்தத் தற்காலிக நிம்மதியே பழக்கமாகிறது. அதனால் இதைக் "கவனத்தை ஈர்க்கும் வேலை" என்று ஒதுக்குவது தவறு. பெரும்பாலான பிள்ளைகள் மறைக்கத்தான் பாடுபடுகிறார்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்பவருக்குப் பின்னாளில் தற்கொலை ஆபத்து கூடுகிறது என்பதால், இதை அலட்சியப்படுத்தவும் முடியாது.

பெற்றோர் முதலில் செய்ய வேண்டியது காயத்தைக் கழுவிக் கட்டுவது. ஆழமானது என்றால் மருத்துவமனைக்கு அழைத்துப்போவது. அடிப்பது, அழுது புலம்புவது, "இனி செய்ய மாட்டேன்னு எந்தலை மேல சத்தியம் பண்ணு" என்று கட்டாயப்படுத்துவது ஆகிய மூன்றும் பிள்ளையை இன்னும் மறைக்கத்தான் வைக்கும். "ரொம்ப கஷ்டமா இருந்திருக்கும்போல. எப்போ எல்லாம் இப்படித் தோணுது?" என்று கேட்டால் பேச்சு தொடங்கும். உணர்ச்சியின் அலை எழும்பி, உச்சம் தொட்டு, தானே இறங்கும். அதுவரை தாக்குப்பிடிக்கக் கற்றுத்தரும் உளவியல் சிகிச்சைகள் இருக்கின்றன. பதினைந்து நிமிடம் தள்ளிப்போடுவது, முகத்தில் குளிர்ந்த நீர் அடிப்பது, அறையை விட்டு வெளியே வந்து யாரோடாவது நடப்பது போன்றவை அந்தப் பயிற்சியின் தொடக்கப் பாடங்கள். கூடவே, பிள்ளையின் பள்ளியிலோ வீட்டிலோ கைபேசியிலோ யாரேனும் துன்புறுத்துகிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். அப்படி ஏதாவது இருந்தால், துன்புறுத்தலை நிறுத்தாமல் பிள்ளையை மட்டும் கவுன்சலிங்குக்கு அனுப்புவதில் பயனில்லை.

மதிப்பெண் பட்டியல் மாறியபோது

கல்வித் துறையின் சிறு மாற்றமும் உயிர் காக்கும் என்பதற்குத் தமிழ்நாடு முன்னுதாரணம். ஒருகாலத்தில் பொதுத் தேர்வில் தவறியவர் ஓராண்டை இழந்தார். வகுப்புத் தோழர்கள் கல்லூரிக்குப் போக, அவர் வீட்டில் இருந்தார். 2000-களின் தொடக்கத்தில் உடனடித் துணைத்தேர்வு வந்தது. சினேகா போன்ற அமைப்புகள் வற்புறுத்திப் பெற்ற மாற்றம் இது. சில வாரங்களில் மறுபடி எழுதலாம், அதே ஆண்டில் கல்லூரியில் சேரலாம் என்ற நிலை வந்த பிறகு, தேர்வுத் தோல்வி சார்ந்த இறப்புகள் குறைந்தன. 2017-ல் மாநில அளவிலான ரேங்க் பட்டியல் வெளியிடும் வழக்கமும் நிறுத்தப்பட்டது.

நீட் தேர்வு அழுத்தத்தில் அடுத்தடுத்து மாணவர்களை இழந்த 2021 செப்டம்பரில், தேர்வெழுதிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை அரசின் ஆலோசகர்களே போனில் அழைத்துப் பேச ஏற்பாடானது. மாணவர் அழைக்கட்டும் என்று காத்திருக்காமல் அரசு அழைத்த அந்த முறை, ஒவ்வொரு தேர்வு முடிவுக்கும் வழக்கமாக வேண்டும். 2022-ல் மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்காக "மனம்" என்ற மனநல நல்லாதரவு மன்றங்கள் தொடங்கப்பட்டன. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டுதல் தந்தது. விண்ணப்பப் படிவம் வாங்கும்போதே "உங்கள் பள்ளியில் கவுன்சலர் யார், எந்த நாள் வருவார்?" என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு.

வயலும் வீடும்: கைக்கெட்டாமல் வைப்பது

தற்கொலை எண்ணத்தின் உச்சக்கட்டம் பலருக்கு மிகக் குறுகியது. சிலருக்குச் சில நிமிடங்கள்தான். அந்த வேளையில் ஆபத்தான பொருள் கைக்கெட்டாமல் இருந்தால், பெரும்பாலானோர் வேறு வழி தேடிப் போவதில்லை; பிழைத்துக்கொள்கிறார்கள். கிராமப்புறங்களில் இது முதன்மையாகப் பூச்சிமருந்தைப் பற்றியது.

இலங்கையின் அனுபவம் உலகத்துக்கே பாடம். 1995-ல் அங்கு தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47 என்ற அளவில், உலகின் மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்றாக இருந்தது. மிகுந்த நச்சுத்தன்மை கொண்ட மருந்துகளை அரசு படிப்படியாகத் தடை செய்தது. இருபது ஆண்டுகளில் விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. காப்பாற்றப்பட்ட உயிர்கள் சுமார் 93,000 என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள்.

கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் சினேகா வேறொரு வழியைச் சோதித்தது. பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், ஊர்ப் பொதுவில் அமைத்த சேமிப்பறையில் ஒவ்வொரு விவசாயிக்கும் பூட்டுள்ள பெட்டி தரப்பட்டது. தேவைப்படும்போது போய் எடுத்து, மிச்சத்தைத் திரும்ப வைக்க வேண்டும். ஊர் மக்கள் இதை ஏற்றுக்கொண்டார்கள். சேமிப்பறை இருந்த ஊர்களில் தற்கொலைகள் குறைந்தன. தமிழ்நாடு அரசு ஆறு பூச்சிமருந்துகளுக்கு 60 நாள் தடை விதித்ததும் உண்டு. பூச்சிமருந்துச் சட்டப்படி மாநிலம் விதிக்க முடிவது இதுபோன்ற குறுகிய காலத் தடைதான்; நிரந்தரமாக நீக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது. 2030-க்குள் தற்கொலை இறப்புகளை 10 சதவீதம் குறைக்க வேண்டும் என்று 2022-ல் வெளியான தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தி இலக்கு வைத்திருக்கிறது. அந்த இலக்குக்கான மிகக் குறுகிய வழி இந்த அதிகாரத்தைப் பயன்படுத்துவதுதான்.

வீட்டில் எப்படிக் கேட்பது?

"சாகப் போறேன்னு சொல்றவன் சாக மாட்டான், குரைக்கிற நாய் கடிக்காது" என்ற நம்பிக்கை ஊருக்கு ஊர் இருக்கிறது. அது தவறு. இறந்தவர்களில் பலர் முன்பே யாரிடமாவது ஏதோ ஒரு வகையில் சொல்லியிருக்கிறார்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயமும் ஆதாரமற்றது. நேராகக் கேட்பது, மனதில் அடக்கிவைத்தவருக்கு ஆறுதலைத்தான் தருகிறது.

பெட்டிச் செய்தி: கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

- "நான் இல்லன்னா எல்லாருக்கும் நிம்மதி", "இனி என்னால தொந்தரவு இருக்காது" போன்ற பேச்சு
- பிடித்த பொருட்களைப் பிறருக்குக் கொடுப்பது, கணக்கு வழக்குகளை அவசரமாக முடிப்பது
- தூக்கம், சாப்பாடு, குளியல் ஆகியவற்றில் திடீர் மாற்றம்
- குடி அதிகமாவது, ஆட்களைத் தவிர்ப்பது
- நெடுநாள் வேதனைக்குப் பின், காரணம் தெரியாத திடீர் அமைதி

கேட்பதற்கு நல்ல இடம், மற்றவர்கள் இல்லாத இடம். டி.வி.யை அணைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, "கொஞ்ச நாளா நீ நீயா இல்ல. வாழ்க்கையே வேண்டாம்னு, செத்துடலாம்னு தோணுதா?" என்று கேட்கலாம். "ஆமா" என்று பதில் வந்தால் பதறக் கூடாது. "சொன்னதே நல்லது, நான் கூட இருக்கேன்" என்றால் போதும். "பிள்ளைங்களை நினைச்சுப் பார்த்தியா?" என்ற கேள்வி குற்றவுணர்வைக் கூட்டும், அதைத் தவிர்ப்பது நல்லது. எப்படிச் செய்வது என்றுவரை யோசித்து வைத்திருக்கிறாரா என்று கேட்க வேண்டும். யோசித்திருந்தால் ஆபத்து அதிகம். அந்தப் பொருளை வீட்டிலிருந்து அகற்றி, அவரோடு ஒருவர் இருந்து, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும். ரகசியமாக வைக்கிறேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது.

மனம் சற்றுத் தெளிந்த வேளையில், இருவரும் உட்கார்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டத்தை எழுதிக்கொள்ளலாம். எந்த அறிகுறி வந்தால் ஆபத்து என்று தெரியும். அப்போது தானே என்ன செய்யலாம். எங்கே போனால், யாரோடு இருந்தால் மனம் மாறும். யாரிடம் உதவி கேட்கலாம். எந்த மருத்துவர், எந்த எண். வீட்டில் எதையெல்லாம் அகற்ற வேண்டும். இந்த ஆறுக்கும் விடை எழுதிய தாள் சட்டைப்பையிலோ கைபேசியிலோ இருந்தால், யோசிக்க முடியாத வேளையில் அது யோசித்துக் கொடுக்கும்.

இழந்தவர்களுக்கும் உதவி வேண்டும்

ஒரு வீட்டில் இப்படி ஒருவர் போனால், துக்கத்தோடு பழியும் சேர்ந்து வருகிறது. "வீட்ல என்ன நடந்துச்சோ" என்று தெரு பேசும். மனைவியை மாமியார் வீடு குற்றம் சாட்டும். பிள்ளைகளிடம் மாரடைப்பு என்று சொல்லப்படும். இறந்தவரின் நெருங்கிய உறவினருக்கும் தற்கொலை ஆபத்து கூடுகிறது. அதனால் அவர்களைக் கவனிப்பதும் தடுப்புப் பணியே. துக்கம் கேட்க வருபவர்கள் காரணம் தோண்டாமல், இறந்தவரின் வாழ்வைப் பற்றிப் பேசலாம். பதினாறாம் நாளுக்குப் பிறகு கூட்டம் கலைந்த வீட்டுக்கு மறுபடி போய்வரலாம். பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ற உண்மையைச் சொல்ல வேண்டும். "நீ காரணமில்லை" என்பதையும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அவர்களும் 14416-ஐ அழைக்கலாம்.

ஊடகங்களுக்கும் பொறுப்பு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைகளை ஒட்டி இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2019-ல் வழிகாட்டுதல்களை ஏற்றது. இறந்த முறையை விவரிக்காதீர்கள், ஒற்றைக் காரணம் சொல்லாதீர்கள், கடிதத்தையும் படத்தையும் வெளியிடாதீர்கள், உதவி எண்ணைப் போடுங்கள் என்பது அதன் சாரம். பரபரப்பாகச் சொல்லப்படும் செய்தி, ஏற்கெனவே தத்தளிக்கும் வாசகரைத் தள்ளிவிடுகிறது. நெருக்கடியைக் கடந்து மீண்டவரின் கதையோ தத்தளிப்பவரைத் தாங்கிப்பிடிக்கிறது. வாட்ஸ்அப்பில் இத்தகைய படங்களைப் பகிரும் ஒவ்வொருவருக்கும் இதே விதி பொருந்தும்.

தமிழ்நாட்டில் ஆலோசகர், மருத்துவர், தன்னார்வலர், சட்டம் எல்லாம் தனித்தனியே இருக்கின்றன. அவசரப் பிரிவில் மனநலப் பரிசோதனை இல்லாமல் டிஸ்சார்ஜ் இல்லை என்ற விதி, சீட்டிலேயே அச்சிட்ட 14416, முதல் வாரத்தில் ஒரு அழைப்பு, ஆண்டு முழுவதும் தொடரும் விசாரிப்பு, கொடிய பூச்சிமருந்துகளுக்கு நிரந்தரத் தடை: இந்த ஐந்தும் அவற்றை ஒரே சங்கிலியாகக் கோக்கும். இவை அரசு செய்ய வேண்டியவை. அதுவரை, முயற்சிக்குப் பின் வீடு திரும்பிய ஒருவரை அறிந்த யாரும் இன்றே அவரை அழைத்து விசாரிக்கலாம். அடுத்த வாரமும் அழைக்கலாம்.